இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன

என் மகளைப் பொய்க்காரி என்று முகத்துக்கு நேராகச் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற இரண்டு பேர் செய்ததை வரிசையாக அடுக்கிவிட்டு, நான் மட்டும் பரம சாது மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் பட்டறை எங்களுடையது. நானும் என் வீட்டுக்காரரும் பத்தொன்பது வருடமாக நடத்துகிறோம். கோளாறைக் கண்டுபிடிப்பது நான், கழற்றி மாட்டுவது அவர். எனக்கு வாய் நீளம், அவருக்குப் பொறுமை நீளம் என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள். அந்தப் பொறுமையைப் பற்றி அப்போது எனக்கும் பெருமைதான்.

எங்கள் பட்டறையில் ஒரு வேலையை மட்டும் செய்ய மாட்டோம். பழைய காரை விற்கப் பார்ப்பவர்கள் சிலர் பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்கள். "மீட்டர்ல இந்த பேட்டரி லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்மா, அதை மட்டும் அணைச்சுக் குடுத்துடுங்க" என்பார்கள். கோளாறைச் சரிசெய்ய வேண்டாமாம், விளக்கை அணைத்தால் போதுமாம். "காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரை உடைப்பீங்களா?" என்று கேட்டு விரட்டிவிடுவேன். ஒருமுறை ஒரு ஆளைத் துரத்திக்கொண்டு வாசல்வரை போனேன். என் கையில் ஸ்பானர் இருந்ததை நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்துவிட்டார். அப்புறம் அந்தத் தெருப்பக்கமே ஆளைக் காணோம்.

என் அண்ணன் பழைய கார் வாங்கி விற்பவன். 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இந்தக் கதை முடியும்வரை 'அவன்'தான்.

மகளுக்கு வேலை கிடைத்தபோது அவன்தான் முதல் ஆளாக வந்து நின்றான். படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்தவள் அவள். விண்ணப்பம் போட்டுப் போட்டு விரல் தேய்ந்துபோய், கடைசியில் ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இடம் கிடைத்தது. காலையில் ஒன்பது சின்ன கிளினிக்குகளுக்குப் போய், ரத்தம் எடுத்த குழாய்களை ஐஸ் பெட்டியில் வாங்கி, பதினொரு மணிக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். கார் அவளே வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் மூன்று முறை தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தினமும் கிளம்பும் முன் ஒரு படிவத்தில் குறி போடவும் வேண்டும். டயர் சரியா, பிரேக் சரியா, சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து எஞ்சின் ஓடியதும் அணைந்தனவா என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள்.

"தங்கச்சி, நம்ம குட்டிக்கு வெளியில போய் வண்டி தேடுவியா நீ? மாமன்காரன் நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் அண்ணன். அவள் செல்லப் பெயரே குட்டிதான். நீல நிறத்தில் ஒரு சின்ன கார். அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

நான் பானெட்டைத் திறக்கவில்லை. ஊரில் எவன் வண்டி வந்தாலும் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லாதவள் நான். கூடப்பிறந்தவன் கொடுக்கும் வண்டியைத் திறந்து பார்ப்பது அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி எனக்குப் பட்டது. என் வீட்டுக்காரர் அந்தக் காரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவர் எப்போதுதான் பேசினார் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாவது வாரம் வண்டி நடுரோட்டில் நின்றது. பேட்டரியில் உயிரே இல்லை. "பழைய பேட்டரி, செத்துப்போச்சு. நான் பாத்துக்கறேன்" என்று அவர் புதியதை மாட்டினார். அப்போது எனக்கு முன்னால் நான்கு வண்டி காத்துக்கொண்டிருந்தது. சரி, அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் நின்றது. "டெர்மினல் லூஸ், டைட் பண்ணிட்டேன்" என்றார்.

அந்த இரண்டாவது முறைதான் நான் வாயைத் திறந்தேன். சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே பேட்டரி லைட் எரிஞ்சிருக்குமேடி. அப்பவே ஓரமா நிறுத்தி போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேன்ல?"

"லைட் எரியலம்மா."

"எரியாம எப்படி நிக்கும்? டைனமோ சார்ஜ் பண்ணலன்னா அந்த லைட் எரிஞ்சே தீரும். எனக்கே பாடம் எடுக்கறியா?"

"நான் பாத்துக்கிட்டேதாம்மா ஓட்டினேன். சத்தியமா எரியல."

"போனைப் பாத்துக்கிட்டு ஓட்டியிருப்ப. மாட்டிக்கிட்டதும் பச்சைப் பொய் சொல்ற. பொய்க்காரி."

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. அப்போது என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி, மிக மெதுவாக, மிக அன்பாக ஒன்று சொன்னார்.

"அடுத்த தடவை மீட்டரைக் கொஞ்சம் கவனிச்சு ஓட்டு, குட்டி."

இந்த ஒரு வரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மூன்றாவது முறை, போன செவ்வாய்க்கிழமை, சரியாகப் பத்தேகால் மணிக்கு வண்டி நின்றது. ஐஸ் பெட்டியில் நாற்பத்தோரு குழாய்கள் இருந்தன. வேறு வண்டி பிடித்து அவள் போய்ச் சேர்வதற்குள் அவ்வளவும் வீண். நாற்பத்தோரு பேரும் மறுபடி கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ள வேண்டும். அதில் நரம்பே கிடைக்காத ஒரு கைக்குழந்தையும் இருந்ததாம். கூடத்தின் மேலாளர் அம்மா எனக்கே போன் செய்தார்.

"உங்க பொண்ணு லைட் எரியவே இல்லங்கறா. தினமும் காலையில எல்லா லைட்டும் எரியுதுன்னு படிவத்துல குறியும் போட்டிருக்கா. ரெண்டும் எப்படிங்க சரியா இருக்கும்? தாமதத்தைக்கூட நான் மன்னிச்சிடுவேன். பொய் சொல்றவ கையில நோயாளியோட ரத்தத்தைக் குடுக்க முடியாது. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. என்ன கோளாறுன்னு மெக்கானிக் எழுதின கடிதத்தோட வரணும்."

புதன்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் சாமான் வாங்கக் கிளம்பிப் போனதும் நான் அந்த நீலக் காரை உள்ளே தள்ளி, சார்ஜ் போட்ட பேட்டரி ஒன்றை மாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், மகளைக் காப்பாற்ற அல்ல. விளக்கு ஒழுங்காக எரிகிறது என்று அவளுக்கு நிரூபிக்கத்தான். "வாடி, வந்து உக்காரு. உன் கண்ணு முன்னாடியே காட்டறேன்" என்று அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள்.

சாவியைப் போடச் சொன்னேன். பேட்டரி விளக்கு, ஆயில் விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

"பாத்தியா? எரியுதுல்ல?"

"காலையில எரியும்மா. தினமும் எரியும். அதனாலதான் குறி போட்டேன்."

ஸ்டார்ட் செய்ததும் இரண்டும் அணைந்தன. எல்லாம் ஒழுங்கு. வோல்ட் மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியில் வைத்தேன். எஞ்சின் ஓடும்போது பதினான்கு வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். பன்னிரண்டு காட்டியது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். பதினொன்றரைக்கு இறங்கியது. டைனமோ சார்ஜ் செய்யவே இல்லை. வண்டி பேட்டரியை மட்டும் தின்றுகொண்டு ஓடுகிறது. இந்த நிலையில் மீட்டரில் அந்த விளக்கு சிவப்பாக எரிய வேண்டும்.

"இப்ப எரியுதாடி?"

"இல்லம்மா."

நானே தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். எரியவில்லை.

பல்பு போயிருந்தால் காலையிலும் எரிந்திருக்காது. காலையில் எரிகிற விளக்கு, எரிய வேண்டிய நேரத்தில் மட்டும் ஏன் எரியவில்லை? பட்டறை வைத்திருப்பவளுக்கு இதற்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி சாவியை மட்டும் போடச் சொன்னேன். இரண்டு விளக்கும் எரிந்தன. பானெட்டுக்குள் குனிந்து, ஆயில் பிரஷர் சுவிட்சில் இருக்கும் ஒற்றை வயரைப் பிடுங்கினேன். அதைப் பிடுங்கினால் ஆயில் விளக்கு மட்டும் அணைய வேண்டும். பேட்டரி விளக்குக்கு வேறு வயர், வேறு வழி. இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"இப்ப?"

"ரெண்டும் அணைஞ்சிடுச்சும்மா."

"ரெண்டுமா? நல்லாப் பாரு."

"ரெண்டும்தான்."

வயரை மாட்டினேன். "ரெண்டும் எரியுது" என்றாள். பிடுங்கினேன். "ரெண்டும் போச்சு." ஐந்து முறை செய்தேன்.

யாரோ பேட்டரி விளக்கை அதன் வயரிலிருந்து பிரித்து ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான். சாவி போட்டால் இரண்டும் சேர்ந்து எரியும், எஞ்சின் ஓடினால் சேர்ந்து அணையும். வாங்குகிறவன் பார்த்துவிட்டு, ஆகா, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போவான். டைனமோ செத்தாலும் அந்த விளக்கு வாயைத் திறக்காது.

"அட நாசமாப் போறவனே" என்று அண்ணனைத்தான் முதலில் திட்டினேன். டேஷ்போர்டு மீட்டரைச் சுற்றியிருந்த நான்கு ஸ்குரூவைக் கழற்றி, டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். இரண்டு வயர் சேரும் இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசி நுனி ஒட்டாமல், காது மாதிரி சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது.

டேப் சுற்றுகிற எல்லோரும் நுனியை அழுத்தி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால் பிரிக்கிறவனுக்கு நகம் உடையக் கூடாது என்று நுனியை மடித்து விடுகிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துத்தான் நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பட்டறையில் வளர்ந்தவள். அந்த மடிப்பை விரலால் ஒருமுறை தொட்டாள்.

"யாரு பண்ணினதுன்னு தெரியலடி" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். காரை விட்டு இறங்கி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "சோத்துல உப்பு போட்டுத்தான திங்கற?" என்றேன். யார், என்ன என்று அவன் கேட்கக்கூட இல்லை.

"நான் என்ன தங்கச்சி பண்ணினேன்? உன் வீட்டுக்காரர்தான கட்டிக் குடுத்தாரு. அப்ப வேற ஒரு பார்ட்டி பாத்துட்டுப் போயிருந்தாங்க, கடைசி நேரத்துல வேண்டாம்னுட்டாங்க. அப்புறம்தான் குட்டிக்கு வேலை கிடைச்சுது."

"குட்டிக்குக் குடுக்கும்போது உனக்குத் தெரியும்ல?"

"மாப்ள சரி பண்ணிடறேன்னாரும்மா. அவரு பொண்ணு, அவரு பாத்துக்குவாருன்னு..."

வைத்துவிட்டேன். வேறு என்ன பேசுவது அவனிடம்?

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். டேஷ்போர்டு திறந்து கிடப்பதைப் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்குக் கத்த வரவில்லை.

"எப்ப பண்ணினீங்க?"

"நீ உன் தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தல்ல, அன்னிக்கு. மச்சான் வந்து ரொம்பக் கேட்டாரு. அஞ்சு நிமிஷ வேலை. யாரோ வாங்கறாங்கன்னுதான் பண்ணினேன். நம்ம குட்டிக்குன்னு எனக்குத் தெரியுமா?"

"யாரோன்னா பரவாயில்லையா? யாரோ வீட்டுல பொண்ணு கிடையாதா?"

கையிலிருந்த பையை இப்போதுதான் கீழே வைத்தார்.

"சரி, வண்டி நம்ம வாசலுக்கு வந்தப்ப தெரிஞ்சுதுல்ல? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கத்துவ. டைனமோவுல பிரஷ் தேஞ்சிருந்துது, உனக்குத் தெரியாம மாத்திட்டேன். அதோட சரியாயிடும்னு நெனச்சேன். ஆகல, விட்டு விட்டுத்தான் சார்ஜ் ஆச்சு. மறுபடி டேஷ்போர்டைப் பிரிக்கணும்னா நீ இல்லாத நாளாப் பாக்கணும். நீ எங்கயும் போகவே இல்ல."

கேட்டீர்களா? நான் எங்கேயும் போகாததுதான் குற்றம்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். பட்டறையில் மட்டும் பத்தொன்பது வருடம். ஒரே தட்டில் சாப்பிடாத குறை. வாசலில் எத்தனை பேரை நான் விரட்டினேன், அத்தனைக்கும் பின்னால் நின்று தலையாட்டிய மனுஷன் இவர்.

"அதெல்லாம்கூட விடுங்க. அன்னிக்குச் சாப்பிடறப்ப நான் அவளைப் பொய்க்காரின்னேனே, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? அவ சொல்றது உண்மைன்னு இந்த உலகத்துல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். மீட்டரைக் கவனிச்சு ஓட்டுன்னு சொல்ல எப்படிங்க வாய் வந்துச்சு?"

கல்லுளிமங்கன் மாதிரி நின்றார். "ஏதாவது சொல்லணுமேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். "டைனமோ போயிடுச்சு, பல்பும் ஃபியூஸ் ஆயிடுச்சுன்னு எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"பல்பு ஃபியூஸ்னா, தினமும் எரிஞ்சுதுன்னு அவ போட்ட குறி பொய்யாயிடும். இன்னும் ஒரு தடவை அவளைப் பொய்க்காரி ஆக்கணுமா?"

"உள்ளதை எழுதினா நம்ம பட்டறைப் பேரு நாறிடும்."

"நாறட்டும்."

உள்ளதை உள்ளபடி எழுதினேன். இன்ன விளக்கு இன்ன வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது, அதனால் ஓட்டுபவருக்குக் கோளாறு தெரிய வழியில்லை, படிவத்தில் அவர் போட்ட ஒவ்வொரு குறியும் உண்மை, கட்டியது எங்கள் பட்டறையில். கீழே, கட்டியவர் கையெழுத்து என்று ஒரு கோடு போட்டு அவர் முன்னால் நீட்டினேன். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மகளின் அறைக் கதவை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு போட்டார்.

மறுநாள் சார்ஜ் போட்ட பேட்டரியோடு அதே காரில் போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். மேலாளர் அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேம்மா. மன்னிச்சுக்கோ" என்றார் அவளிடம். எவ்வளவு சுலபமாக அந்தம்மாவுக்கு அது வந்தது! நான் முந்தின நாள் முழுக்க அந்த மூடிய கதவுக்கு வெளியே நின்றும் எனக்கு வரவில்லை. "வேலையில எந்த மாற்றமும் இல்ல. வண்டியைச் சரி பண்ணி, ஒரு பட்டறையில சான்றிதழ் வாங்கிட்டு வா. ஒரு வாரத்துக்குள்ள போதும்."

"நானே இன்னிக்கே பண்ணிடறேங்க" என்று நான் எழுந்தேன்.

"வேண்டாம்மா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. "மேம்பாலத்துக்குக் கீழ ஒரு பட்டறை இருக்கு. அங்க குடுத்துக்கறேன்."

மேம்பாலத்துப் பட்டறைக்காரர் எங்களுக்குப் பதினைந்து வருடப் போட்டி. என்னைத் தெரியும். நான் இறங்காமல் காருக்குள்ளேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் மட்டும் இறங்கிப் போய், டேஷ்போர்டில் நான் கண்டுபிடித்தது எதையும் சொல்லாமல், முதல் நாளிலிருந்து வீட்டில் சொன்னதையே அவரிடமும் சொன்னாள்.

"ஓட ஓட வண்டி நின்னுடுதுண்ணா. பேட்டரி லைட் எரியவே மாட்டேங்குது."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எரியாமல் எப்படி நிற்கும் என்று அவரும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எரியலையா? ஓட்டறவங்க நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். சாவியைக் குடுங்க, லைட்டுல என்னன்னு முதல்ல பாத்துடுவோம்."

மகள் சாவியை அவர் கையில் கொடுத்தாள். அப்புறம் என் பக்கத்துக் கதவைத் திறந்து, "இறங்கும்மா, வேலை நடக்கணும்" என்றாள்.